லண்டன் அண்ணனின் ஊர்க்காரர்

"அந்தக் காலத்து லண்டன்ல காலையில ஜன்னலத் தொறந்தா எதிர்வீடு தெரியாது. அப்பிடி ஒரு மூடுபனி! போஸ்ட் ஆபீசு செவப்புச் செங்கல்லு, மேல மணிக்கூண்டு, வாசல்ல செவப்புத் தபால் பெட்டி. வீட்டுக்கு வீடு புகைக்கூண்டு, வேலியெல்லாம் ரோசாப்பூ. தொப்பி போடாம ஒரு வெள்ளக்காரன் கடைவீதிக்கு வரமாட்டான்!"

இராஜரத்தினம் கட்டிலில் சம்மணம் போட்டு அளந்துகொண்டிருந்தார். சவூதியின் ஜுபைல் கேம்ப்பில் அந்த அறைக்கு வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கோ குளிர் எடுத்தது.

இலங்கை மலைநாட்டுக்காரர் அவர். கேம்ப் லாண்டரியில் ஆபீசர்களின் சட்டைக்கு இஸ்திரி போடுபவர். ஆனாலும் ராமநாதபுரத்துப் பையன்கள் அவரை 'லண்டன் அண்ணன்' என்றுதான் கூப்பிட்டார்கள். இந்தப் பாலைவனத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே கௌரவம் அந்தப் பெயர்தான்.

கதவைத் தள்ளிக்கொண்டு மாயாண்டி ஓடிவந்தான். சைட் ஆபீசில் டீ கொடுப்பவன். அண்ணனின் கதைகளுக்கு முதல் ரசிகன்.

"அண்ணே, புது மேனேஜர் வந்துருக்காரு! பார்லோன்னு பேரு. அச்சு அசல் வெள்ளக்காரரு. ஒங்களப் பத்திச் சொன்னேன். வெள்ளிக்கெழம சாயங்காலம் நம்ம ரூமுக்கே டீ குடிக்க வாரேன்னுட்டாரு!"

"எதுக்குடா?"

"எதுக்காவா? ஒங்க ஊர்க்காரருல்ல! ரெண்டு பேரும் பழைய லண்டனப் பேசுங்க. நாங்க பக்கத்துல ஒக்காந்து கேக்குறோம்."

லண்டன் மண்ணை இராஜரத்தினம் கனவில்கூட மிதித்ததில்லை. வெள்ளைக்காரன் எதிரில் வாயைத் திறந்தால் அத்தனை மானமும் கப்பலேறிவிடும். அப்புறம் இந்தப் பையன்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்தார். மாயாண்டி மாத்திரை வாங்கிவந்து முழுங்கவைத்து, வெளுத்த சட்டையும் மாட்டி உட்காரவைத்துவிட்டான்.

பார்லோ சொன்ன நேரத்துக்கு வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, வெயிலில் சிவந்த முகம். மாயாண்டி பாலில்லாத சுலைமானி டீயையும் சீனிக் கிண்ணத்தையும் நீட்டினான். துரை சீனியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டார். ஒரு நக்கு, ஒரு மிடறு என்று ரசித்துக் குடித்தார்.

"பாவம்ணே, தொரைக்குக் கலக்கிக் குடிக்கத் தெரியல. வீட்டுல பொம்பள இல்லாத கொற!" என்றான் மாயாண்டி. அறையே சிரித்தது. எதுவும் புரியாதவர் மாதிரி துரையும் சிரித்துவைத்தார்.

"அண்ணே, அந்த போஸ்ட் ஆபீசு கதைய எடுத்து விடுங்க!"

வேறு வழியில்லை. இராஜரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த இங்கிலீஷில் ஆரம்பித்தார். மூடுபனி வந்தது. புகைக்கூண்டு வந்தது. ஏரிக்கரை வந்தது, ஏப்ரல் மாதக் குதிரைப் பந்தயமும் வந்தது. 'நிறுத்து, அப்படி ஓர் ஊரே கிடையாது' என்ற குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே சொல்லிமுடித்தார்.

"அந்த மணிக்கூண்டு என்றைக்காவது சரியான நேரம் காட்டியதுண்டா?" என்று கேட்டார் பார்லோ.

இராஜரத்தினம் கண்ணைத் திறந்தார். "இல்லை சார், எப்போதும் பிந்தித்தான் காட்டும்."

"எதிரில் ஒரு பேக்கரி?"

"ஆமாம் சார்! பன் வேகும் வாசனை தெருமுனை வரைக்கும் வரும்."

துரை தொடையில் தட்டிச் சிரித்தார். பொய் சொன்னவருக்கே தலை சுற்றியது. சீமையிலும் மணிக்கூண்டு பிந்தியா காட்டும்?

"இப்போது எல்லாம் மாறிவிட்டதாம். புகைக்கூண்டுகளை இடித்துவிட்டு சிமெண்டுப் பெட்டிகளாகக் கட்டுகிறார்களாம்." பார்லோவின் கண்ணோரம் ஈரம். "நீங்கள் சொன்னதும் அந்தத் தெருவில் ஒரு நடை நடந்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது."

"பாத்தீங்களாடா, அண்ணன் தொரையவே அழ வச்சுட்டாரு!" மாயாண்டி நெஞ்சை நிமிர்த்தினான். அதற்குள் மெஸ்ஸில் மணி அடித்தது. வெள்ளிக்கிழமை பிரியாணி யாருக்காகவும் காத்திருக்காது. "யல்லா, யல்லா!" என்று கூட்டம் ஓடியது.

மானம் பிழைத்துவிட்டது. ஆனால் இராஜரத்தினத்தால் சந்தோஷப்பட முடியவில்லை. ஊர் ஏக்கத்தில் கண் கலங்குகிற ஒரு மனுஷனை ஏமாற்றியது முள்ளாய்க் குத்தியது.

"சார், மன்னிக்க வேண்டும்," என்று போட்டு உடைத்துவிட்டார். "நான் லண்டனைப் பார்த்ததே இல்லை. சொன்னதெல்லாம் எங்கள் நுவரெலியா. ஊரில் அதைக் குட்டி லண்டன் என்போம். முதல் நாள் இந்தப் பையன்களிடமும் அப்படித்தான் சொன்னேன். குட்டியை விட்டுவிட்டு லண்டனை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் அது பிடித்துப்போய்விட்டது."

பார்லோ அவரை உற்றுப் பார்த்தார். எழுந்து போய் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பிறகு இராஜரத்தினத்தின் காதருகே குனிந்து, உள்ளங்கைச் சீனியை நக்கி டீ குடிக்கும் தேயிலைத் தோட்டத்துச் சனங்களின் சுத்தமான தமிழில் சொன்னார்:

"மெதுவாப் பேசுங்க அண்ணே, சீமைய நானும் பாத்ததே இல்ல, பொறந்து வளந்ததெல்லாம் நுவரெலியாதான்!"