ஐம்பத்தைந்தாவது நகர்வு

ஜில்டிஸ் சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றில் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் ஆட்டத்தை டிரா செய்துவிட்டுச் சொந்த ஊரான நாரினுக்குத் திரும்பியிருந்தாள். ஜெயித்திருந்தால் தேசிய அணியில் இடம் கிடைத்திருக்கும். மறுநாள் காலை, அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் தங்கை சாய்கல், தேநீரைத் தள்ளிவிட்டுப் பலகையை விரித்தாள்.

"ஆளுக்கொரு யானை, உனக்கு மட்டும் ஒரு சிப்பாய். இதக்கூட முடிக்கத் துப்பில்லயா அக்கா?"

"எனக்கு மட்டும் வயிறு எரியலயாடி?"

ஐம்பத்து நான்காவது நகர்வோடு கைகுலுக்கியதாக ஜில்டிஸ் சொன்னாள். அவள் ஆட்டத்தைக் குறித்திருந்த தாளில் ஐம்பத்தைந்து நகர்வுகள் இருந்தன. கடைசியும் அவள் கையெழுத்துதான், அதே பச்சை மை. யானை நான்காவது வரிசைக்குப் போகிறது. சாய்கல் அதை ஆடிப் பார்த்தாள். அதற்குப் பிறகு சிப்பாய் ராணியாவதைத் தடுக்க வழியே இல்லை.

"தெரிஞ்சே விட்டியா?"

"நான் எழுதவே இல்லடி!"

அப்போது போன் அடித்தது. எதிர்த்து ஆடிய குல்னூரா, தன் ஊரான கராகோலிலிருந்து கத்தினாள்.

"வெக்கமா இல்ல? டிராவுக்கு ஒத்துக்கிட்டு, என் தாள்லயும் ஐம்பத்தஞ்சாவது நகர்வ பச்சை மையில எழுதி வச்சிருக்க!"

"உன் தாள நான் தொடவே இல்ல!"

ஜில்டிஸுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பேனாவை எடுத்து, தன் தாளில் இருந்த அந்த வரியைத் தாள் கிழியும்வரை கிறுக்கி அடித்தாள்.

போனில் குல்னூரா மெதுவாகக் கேட்டாள்.

"ஜில்டிஸ், என் தாள்ல இந்த வரிய இப்ப யாரு அடிக்கிறா?"