அவர் தொட்ட பிளேட்

"என் பிளேட்டுல உங்களுக்கு என்ன வேலை?"

மறந்துவிட்டுப் போன போனை எடுக்க, பிள்ளையை வராந்தாவில் நிறுத்திவிட்டு லேப்புக்குள் வந்தவள், வாசலிலேயே நின்று கேட்டாள்.

உள்ளே, கூட வேலை பார்க்கிறவர் கையில் இருந்தது அவளுடைய செல்கள் வளரும் பிளேட்.

"சும்மா பாத்தேன்" என்று சொல்லி, அதை இன்குபேட்டரில் வைத்து மூடினார். சும்மா பார்க்கிறவருக்கு, திரவத்தை உறிஞ்சி ஊற்றுகிற பிப்பெட் எதற்கு?

விஷயம் இதுதான். ஒரு ஜீனின் வாயை அடைக்கிற குட்டி ஆர்.என்.ஏ.வை செல்லுக்குள் அனுப்ப வேண்டும். செல் லேசில் உள்ளே விடாது. அவள் வழி, அதைக் கொழுப்பில் பொதிந்து நைசாக உள்ளே தள்ளுவது. அவர் வழி, செல்லுக்கு மின்சாரம் கொடுத்து, ஓட்டை விழுகிற நேரத்தில் நுழைப்பது. அதனால் லேப்பில் அவள் கொழுப்பக்கா, அவர் ஷாக் அண்ணன்.

வெள்ளிக்கிழமை லேப்பின் தலைவியான மேடம் ஒரு வழியைத் தேர்ந்தெடுப்பார். எந்த வழி ஜெயிக்கிறதோ, அந்த ஆளுக்குத்தான் அடுத்த வருஷமும் வேலை. மற்றவர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இதுவரை அவள் கைதான் ஓங்கியிருந்தது. ஷாக் அண்ணனின் செல்களில் பாதி அதிர்ச்சியிலேயே போய்ச் சேர்ந்துவிடும். அவளுடையவை காலையில் கும்மென்று இருக்கும். பொது மேஜையில் அவள் முறை வருவது மத்தியானத்துக்கு மேல்தான். 'ஊத்திட்டுக் கிளம்பினாப் போதும், மறுநாள் வந்து பாத்துக்கலாம்' என்று மீட்டிங்கில் பெருமையடித்தும் இருந்தாள். அஞ்சரைக்கெல்லாம் குழந்தைகள் காப்பகத்தைப் பூட்டிவிடுவார்கள். தனி ஆளாகப் பிள்ளை வளர்க்கிறவளுக்கு இதைவிடத் தோதான வழி வேறு ஏது?

தோற்கப் போகிற மனுஷன் என்னதான் செய்யமாட்டார்? மறுநாள் நேராக மேடத்திடம் போனாள்.

அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்றார் மேடம்.

"இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னுதான் இருக்கும் மேடம். ஆனா குடிக்குது."

கடைசியில் பூட்டு வைத்த சின்ன இன்குபேட்டர் ஒன்று அவளுக்கென்று ஒதுக்கப்பட்டது. சேதி கேட்டு ஷாக் அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. தயங்கித் தயங்கி அவள் பக்கம் வந்தார்.

"சாயங்காலம் மட்டும் ஒண்ணு..."

"என் செல்லை எனக்குப் பாத்துக்கத் தெரியும். நீங்க உங்க வேலையப் பாருங்க."

முழியே சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள். அன்றே, வியாழக்கிழமை, கடைசி பிளேட்டில் கொழுப்பை ஊற்றி, பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகப் பிள்ளையைக் கூப்பிடக் கிளம்பினாள்.

மறுநாள் காலை மேடம் முன்னால் அந்த பிளேட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். ஒரு செல்கூட ஒட்டியிருக்கவில்லை. எல்லாம் செத்து மிதந்தன.

மேடமும் குனிந்து பார்த்தார்.

"ராத்திரி முழுக்க விட்டா இந்தக் கொழுப்பே விஷமாயிடும்மா. நாலஞ்சு மணி நேரத்துல அதை எடுத்துட்டு, செல்லு வளர்ற மீடியத்தைப் புதுசா ஊத்தியிருக்கணும்."

"எப்பவும் அப்படியே விட்டுட்டுத்தான் மேடம் போறேன். ஒரு தடவைகூடச் சாகலையே."

மெதுவாகத் திரும்பி ஷாக் அண்ணனைப் பார்த்தாள்.

"தினமும் நீங்க போனப்புறம் நான்தான் மாத்தி வெப்பேன்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "நேத்து முடியலை."

மேடத்துக்குக் கோபமே வந்துவிட்டது. அவள் ஜெயித்தால் அவர் வேலைதானே போகும், அதுதான் போகட்டும் என்றாலும் அவளிடம் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்வதற்கென்ன என்று கேட்டார்.

"சொன்னா, இருந்து மாத்திட்டுத்தான் போவாங்க மேடம். பிள்ளை காப்பகத்து வாசல்ல இருட்டுல நிக்கும்."