கனம் குறைந்த லாந்தர்

பழைய பேட்டரி லாந்தர்களைச் சார்ஜ் ஏற்றுகிறவையாக மாற்றித் தருவது தேவசகாயத்தின் தொழில். அன்று ஒரு லாந்தரைக் கொண்டுவந்த பிலோமினாவின் புருவத்தில் தையல் போட்டிருந்தது.

"மாத்துனா கனம் கொறையுமாண்ணே?"

"பேட்டரிக் கட்டை எல்லாத்தையும் எடுத்துருவேன்லா? பாதிகூட இருக்காது. வெளிச்சமும் நல்லா வரும்."

"வெளிச்சம் எப்படியோ இருக்கட்டும்."

லாந்தரின் அடிப்பக்கம் நசுங்கியிருந்தது. அவன் அந்த நசுங்கலையும் அவள் புருவத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கடையில் இருந்ததிலேயே லேசான பேட்டரியைத் தேடிப் போட்டுக் கொடுத்தான்.

அடுத்த வாரம் அவளுடைய புருஷன் லாந்தரோடு வந்தான். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னல பண்ணி வச்சிருக்க? தக்கை மாதிரி இருக்கு. பழையபடி கட்டையவே போடு."

"அடிக்கிறதுக்குக் கனம் பத்தலையோ?"

புருஷன் தேவசகாயத்தின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து மூக்கில் குத்தினான். ரத்தம் மேசையில் கொட்டியது. தேவசகாயம் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக் கம்பியை எடுத்து, சட்டையைப் பிடித்திருந்த கையின்மேல் வைத்து அழுத்தினான். தோல் கருகி நாறியது. அப்போதும் கம்பியை எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. புருஷன் கையை உதறிப் பிடுங்கிக்கொண்டு அலறியபடி தெருவில் ஓடினான்.

பிலோமினா உள்ளே வந்தாள். தேவசகாயம் மூக்கைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

"இதுக்கும் சேத்து வீட்டுல எனக்குத்தாண்ணே விழும்" என்றாள். லாந்தரை எடுத்துக்கொண்டு புருஷன் போன திசையில் நடந்தாள்.