மயிலையின் மடி

முப்பத்தாறு மணி நேரமாக மயிலையின் மடி வீங்கி, கல்லாக இறுகியிருந்தது. பசு படும் வேதனையைப் பொறுக்காத பத்து வயது யாழினி, சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்து, அம்மாவுக்குத் தெரியாமல் பகலெல்லாம் தடவினாள். மறுநாள் வீக்கம் வடிந்திருந்தது.

"இனிமே என்னை டாக்டரம்மான்னுதான் கூப்பிடணும்."

அம்மா பரிமளம் பாலைக் கறந்து, அணுக்களை எண்ணும் கருவியில் விட்டுப் பார்த்தாள். வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. மகள் உயிரோடிருக்க, அவற்றைப் பிரித்தெடுத்து மாதந்தோறும் போடும் ஊசிக்கு இது போதாது. நாளை ஊசி நாள்.

"ஏம்மா அழுவறே? மயிலைக்கு மட்டும் எதுக்கு மாசாமாசம் மடி வீங்குது?"

"உன் உடம்புல ஊறாத வெள்ளையணு, நோய் வந்தாத்தான் கண்ணு அது மடியில நிறைய ஊறும். அந்த நோயை ஏத்துறதே நாந்தான்."