வாசலுக்கு வந்தவள்

ஐந்து வயது கிருஷிகாவுக்குப் பச்சைச் சட்டை போட்டு, தொண்டைச் சதை எடுக்க ஆஸ்பத்திரித் தியேட்டருக்குள் கொண்டுபோய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. வெளியே நின்ற தாய் தவமணிக்குக் கஹவத்தைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நாத்தனார் போன் எடுத்தாள்.

“அண்ணி, எப்ப வந்தீங்க? புள்ள மட்டும் பச்சச் சட்டையோட நம்ம லயத்து வீட்டு வாசல்ல நிக்கிறா.”

“என்னடி உளறுற? அவ உள்ள இருக்கா.”

“தண்ணி கேட்டா. வாசலுக்கு வந்தவங்களுக்கு இல்லேன்னா சொல்றது? குடுத்தேன். பாயில படுத்துக்கிட்டா.”

“படுக்க விடாத! இங்க திரும்பி வரச் சொல்லு! விரட்டு!”

“பச்சப் புள்ளய எப்படி அண்ணி விரட்டுறது?”

தியேட்டர் கதவு திறந்தது.

“ஒப்பரேஷன் முடிஞ்சது அம்மா,” என்றாள் நர்ஸ். “ஆனா கூப்பிட்டாலும் பிள்ள முழிக்குது இல்ல.”

போனில் நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள்.

“மெதுவா பேசுங்க அண்ணி. போத்தி விட்டிருக்கேன். இப்பதான் அசந்து தூங்குறா.”