ரங்கி போட்ட டீ

தை மாதத்தில், பனி ஈரம் காய்வதற்குள் மலைச்சரிவின் காய்ந்த புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொளுத்தி அணைப்பது அந்த ஊர் வழக்கம். புதிதாக வந்த வனவர் தடுத்தார். "காடு கார்பனைப் பிடிச்சு வைக்குதுய்யா. ஒரு புல்லுகூட எரியக்கூடாது" என்றார். மீறிக் கொளுத்திய மருதனைப் பிடித்து ஜெயிலுக்கு அனுப்பினார். புல் இடுப்புயரம் காய்ந்து நின்றது. பங்குனியில் எங்கிருந்தோ விழுந்த ஒரு பொறி, புல்லோடு சோலையையும் தின்று மலையுச்சியில் போய்த்தான் அணைந்தது. பின்னாலேயே கோடைமழை கொட்டி, எரிந்த சரிவைக் கழுவி ஓடையில் இறக்கியது.

மழை விட்டதும் எரிந்த இடத்தை அளக்க வந்த வனவர், களைத்துப்போய் மருதன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவன் மனைவி ரங்கியிடம் டீ கேட்டார். கேட்கவும் வாய் வந்தது அவருக்கு. அவள் ஓடையில் மொண்ட குடத்துத் தண்ணீரை அடுப்பில் ஏற்றினாள். கொதிக்கும் பாத்திரத்தை அவர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, தூளை இப்படியா அள்ளிப் போடுவ? கசக்கும். கொஞ்சம் தண்ணி ஊத்து."

ரங்கி குடத்தைச் சாய்த்து ஊற்றினாள். நிறம் மாறவில்லை.

"தூள் இன்னும் போடலீங்க" என்றாள்.