நாகம் போடுகிற உரிமை

"நாகத்தை மட்டும் சிறிலின்ர கையில குடுத்திடாதீங்க முதலாளி. அதை நான்தான் போடுவன்."

அபூதாஹிர் சொன்னது, சன்னலுக்கு வெளியே மண் சலித்துக்கொண்டிருந்த சிறிலின் காதில் நன்றாகவே விழுந்தது. மேற்கொண்டு என்ன பேசினார்கள் என்று கேட்க அவனுக்குப் பொறுமையில்லை. சல்லடையை எறிந்துவிட்டுப் போய்விட்டான்.

உள்துறைமுக வீதியில் இருந்தது பாக்கியரத்தினம் முதலாளியின் வார்ப்புப் பட்டறை. கழித்த கப்பல்களிலிருந்து வரும் செம்பையும் துத்தநாகத்தையும் சேர்த்து உருக்கி, பித்தளைப் பாளமாக வார்த்துக் கொழும்புக்கு அனுப்புவார்கள். துத்தநாகத்துக்குப் பட்டறையில் வெறும் நாகம் என்றுதான் பேர்.

விடியமுன்னம் உலை மூட்டிச் செம்பை உருக்குவது சிறில். அது இளகித் தண்ணீராகும் நேரம் பார்த்துத் தலைமை மேஸ்திரியான அபூதாஹிர் பாஸ் வருவார். "எல்லாரும் வெளியில போங்க" என்பார். தனியாக நின்று நாகத்தைப் போட்டுக் கிண்டுவார். அவர் கூப்பிட்ட பிறகுதான் பாளம் வார்க்க மற்றவர்கள் உள்ளே போகலாம். வந்து பார்க்கிறவர்கள் எல்லாம் "அபூதாஹிர் பாஸின்ர பித்தளை" என்றுதான் மெச்சுவார்கள். சிறிலின் செம்பு என்று ஒருவரும் சொன்னதில்லை.

அது போதாதென்று, நாகம் போட்ட அன்று முதலாளி வீட்டிலிருந்து அபூதாஹிருக்குப் பால் வரும். மறுநாள் சம்பளத்தோடு லீவு.

"பெரிய மாப்பிள்ளை. பால் ஒண்டுதான் குறைச்சல்," என்று வீட்டில் பொருமினான் சிறில். முகத்துக்கு நேரே 'நானா, நானா' என்று குழைகிறவனுக்கு, குசினிக்குள் வந்ததும் அவர் 'அவன்' ஆகிவிடுவார்.

"அந்த மனுசன் உங்களுக்கு என்ன செய்தவர்?" என்று கேட்டாள் மனைவி திரேசம்மா.

"தொழிலைப் பூட்டி வைச்சிருக்கிறான். இரண்டாவது உலை போடப்போகினம். செம்பையும் நாகத்தையும் கலக்கத் தெரிஞ்சவன்தான் அதுக்குப் பாஸ். நான் வந்திடுவன் எண்டு அவனுக்குப் பயம்."

"ஒவ்வொரு நாளும் சோத்துக்கு முன்னால இருந்து அவற்ற கதைதான். அவற்ற பெண்சாதியைவிட எனக்கு அவரை நல்லாத் தெரியும்," என்று சட்டியைக் கழுவப் போனாள் திரேசம்மா.

வெள்ளிக்கிழமை வந்தது. அபூதாஹிர் ஜும்மாவுக்குப் போயிருந்தார். அவர் திரும்பும் நேரத்துக்குச் செம்பு இளகினால் போதும் என்று வெள்ளிக்கிழமைகளில் உலையை மெல்லத்தான் எரிப்பார்கள். அன்று சிறில் கரியை அள்ளி அள்ளிக் கொட்டினான். அவர் தொழுது முடிக்கமுன்னமே செம்பு இளகிவிட்டது.

"எல்லாரும் வெளியில போங்க," என்றான். அந்த வார்த்தையைச் சொல்லவே அவனுக்கு இனித்தது.

நாகத் துண்டுகளை, செம்பு இளகிக் கிடந்த மூசைக்குள் போட்டான். பச்சைச் சுவாலை எழும்பியது. வெள்ளைப் புகை முகத்தில் அடித்தது. பதம் பிசகிவிடக் கூடாது என்று மூசைக்கு மேலேயே குனிந்து நின்று கிண்டினான்.

பாளங்கள் நல்ல மஞ்சளாய் வந்தன. முதலாளி ஓடி வந்தார்.

"நீயோ போட்டனி?"

"ஓம், முதலாளி."

முதலாளியின் முகம் ஒருமாதிரிப் போனது. தன் கைவேலையில் மலைத்துவிட்டார் என்று சிறில் நினைத்துக்கொண்டான்.

"சரி, நீ வீட்டுக்குப் போ. பால் அனுப்பிவிடுறன், குடிச்சிட்டுப் படு. நாளைக்கு வர வேண்டாம்."

பால், லீவு, இரண்டுமே கிடைத்தாயிற்று. சிறிலுக்குக் கால் நிலத்தில் படவில்லை. "இனி அவன்ர ஆட்டம் முடிஞ்சுது," என்று சொல்லிக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைந்தான்.

பொழுதுபட்டதும் உடம்பு நடுங்கத் தொடங்கியது. காய்ச்சல் கொதித்தது. நெஞ்சு இறுகி, ஒரு சொல் சேர்த்துப் பேச ஏலவில்லை. திரேசம்மா செபமாலையோடு பக்கத்திலேயே இருந்தாள்.

காலையில் அபூதாஹிர் வந்தார், கையில் பால் போத்தலோடு. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று சிறில் போர்வைக்குள் பல்லைக் கடித்தான்.

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பயப்படாதீங்க தங்கச்சி. இண்டைக்கே விட்டிடும். எனக்கு ஒவ்வொரு முறையும் வாறதுதான்."

"ஒவ்வொரு முறையுமோ?" என்றான் சிறில்.

"நாகப் புகை நெஞ்சுக்குள்ள போனா இப்பிடித்தான். அதுதானே எல்லாரையும் வெளியில அனுப்புறது. அண்டைக்கு முதலாளியிட்டயும் சொன்னனான், ரெண்டாவது உலைக்கு சிறிலையே பாஸாப் போடுங்க, ஆனா நாகம் மட்டும் நான் வந்து போடுறன் எண்டு. போன மாரியில ஆஸ்பத்திரியில கிடந்த நெஞ்சு தம்பி, உங்கட நெஞ்சு."

சிறில் எழும்பி உட்கார்ந்தான். "அதை ஏன் நானா என்னட்ட ஒரு சொல் சொல்லேல்ல?"

"சொன்னா விடுவீங்களா? ஒருநாள் நீங்க, ஒருநாள் நான் எண்டு பங்குக்கு நிப்பீங்க. எண்டாலும் எப்பிடியோ கண்டுபிடிச்சிட்டீங்க." அபூதாஹிர் கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார். "இந்தக் கிழமை நான் இருமிக்கொண்டு திரிஞ்சதைப் பாத்துத்தானே, நான் பள்ளிக்குப் போன நேரத்தில அவசரமாப் போட்டு முடிச்சனீங்க? கூடப் பிறந்தவனும் இப்பிடிச் செய்யமாட்டான்."

சிறில் போர்வையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டான். பக்கத்தில் நிற்கும் மனைவியைப் பார்க்கத்தான் அவனுக்குப் பயமாக இருந்தது.

திரேசம்மா பால் போத்தலை வாங்கிக்கொண்டாள்.

"ஓம் நானா. உங்களை நினைச்சு நினைச்சு இவர் ஒழுங்கா நித்திரை கொண்டே எத்தனையோ மாசம்."